கைவிட்ட உரிமையின் விலை

அலபாமாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் எல்லையாகச் சட்டஹூச்சி ஆறு ஓடுகிறது. மேற்குக் கரையில் அலபாமாவின் பீனிக்ஸ் சிட்டி, கிழக்குக் கரையில் ஜார்ஜியாவின் கொலம்பஸ். பாலத்தைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். இரண்டு ஊர்களிலும் வாரம் 1,200 டாலர் சம்பளம் வாங்கும் ஊருக்கொரு தொழிலாளி, வேலையின்போது இயந்திரத்தில் சிக்கிக் கையை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜார்ஜியா சட்டப்படி ஒரு கைக்கு 225 வாரம். வாரத்துக்கு 800 டாலர் வரை. மொத்தம் 1,80,000 டாலர். அலபாமா சட்டப்படியும் கிட்டத்தட்ட அதே காலம்தான், 222 வாரம். ஆனால் வாரத்துக்கு 220 டாலருக்கு மேல் கிடையாது. மொத்தம் 48,840 டாலர். அதே சம்பளம், அதே காயம். நடுவில் இருப்பது ஓர் ஆறு மட்டும்.

ஜார்ஜியாவைத் தாராளமான மாநிலம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த 800 டாலர் உச்சவரம்பே 2023 ஜூலையில்தான் வந்தது. அலபாமாவின் 220 டாலரோ 1980களில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாரம் 40 மணி நேரத்துக்குப் பிரித்துப் பார்த்தால் மணிக்கு ஐந்தரை டாலர். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7.25 டாலர், அதுவும் 2009-க்குப் பிறகு உயராதது. 2017 மே மாதத்தில் அலபாமாவின் ஜெஃபர்சன் கவுன்ட்டி நீதிபதி பாட் பல்லார்ட், இந்த உச்சவரம்பையும் வழக்கறிஞர் கட்டணத்தை 15 சதவீதத்துக்குள் கட்டிவைத்த விதியையும் காரணம் காட்டி, மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். சட்டமன்றம் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்துத் தீர்ப்பை நிறுத்தியும் வைத்தார். அதற்குள் வழக்கின் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. வரம்பு அப்படியே இருக்கிறது.

வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தருவதற்கு அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான ஒரே சட்டம் இல்லை. கூட்டாட்சி அரசின் ஊழியர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் போன்ற சில பிரிவினருக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. மற்ற அனைவருக்கும் அந்தந்த மாநிலம் வகுத்ததே விதி. எது காயம், எது நோய், எத்தனை வாரம், எந்த மருத்துவர், யார் தொழிலாளி என்பதெல்லாம் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சட்டங்கள் அடிக்கடி திருத்தப்பட்டிருக்கின்றன. அந்தத் திருத்தங்களை எடைபோட வேண்டுமானால், தொடக்கத்தில் எதற்கு எது கைமாறியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிபட்ட தொழிலாளிக்கு இருந்த ஒரே வழி வழக்கு. முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் முதலாளியைக் காப்பாற்ற மூன்று வாதங்கள் இருந்தன: விபத்துக்குக் காரணம் உடன் வேலை செய்த இன்னொரு தொழிலாளி, இந்த வேலையின் ஆபத்து தெரிந்துதான் நீ சேர்ந்தாய், உன் தவறும் இதில் கொஞ்சம் இருக்கிறது. இந்த மூன்றையும் தாண்டி வென்றவர்கள் குறைவு. வென்றவர்களுக்குச் சில சமயம் பெருந்தொகை கிடைத்தது. அது முதலாளிகளுக்கும் கவலை தந்தது. ஜெர்மனி 1884-லும் பிரிட்டன் 1897-லும் தவறு யாருடையது என்று கேளாமல் இழப்பீடு தரும் வழிக்கு மாறிவிட்டன. நியூயார்க் 1910-இல் அதே பாதையில் ஒரு சட்டம் இயற்றியது. தவறு செய்யாத முதலாளியின் பணத்தைப் பறிப்பது சொத்துரிமைக்கு எதிரானது என்று கூறி அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாள் 1911 மார்ச் 24. மறுநாள் மார்ச் 25, நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள், குடியேறிகள். உரிமையாளர்கள் இருவரும் குற்ற வழக்கில் விடுதலையானார்கள். 1914-இல் சிவில் வழக்குகள் சமரசத்தில் முடிந்தபோது ஓர் உயிருக்குக் கிடைத்தது 75 டாலர்.

அதே 1911-இல் விஸ்கான்சின், நீதிமன்றத்தில் நிலைத்து நின்ற முதல் முழுமையான சட்டத்தைக் கொண்டுவந்தது. நியூயார்க் தன் அரசியலமைப்பைத் திருத்திப் புதுச் சட்டம் இயற்றியது. 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கடைசியாக மிசிசிப்பி 1948-இல் சேர்ந்தது. எல்லாச் சட்டங்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். தொழிலாளி முதலாளிமீது வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கைவிட வேண்டும். பதிலுக்கு, தவறு யாருடையது என்று கேளாமல் மருத்துவச் செலவும் இழந்த கூலியில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைக்கும். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் இதை மாபெரும் பேரம் என்று சொல்வார்கள்.

இந்தப் பேரத்தின் அமைப்பில் தொடக்கத்திலிருந்தே ஒரு கோணல் இருக்கிறது. பின்னால் வந்த எல்லாவற்றையும் அதுதான் விளக்குகிறது என்பது என் கருத்து. தொழிலாளி கொடுத்தது ஒரே தடவை, நிரந்தரமாகக் கொடுத்தது. அவர் பெறுவதோ ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்தொடரிலும் திருத்தத்துக்கு உரியது. வாரங்களைக் குறைக்கலாம், வரம்பை உயர்த்தாமலே விடலாம், காரணத்தை நிரூபிக்கும் விதியை இறுக்கலாம். எவ்வளவு குறைத்தாலும் வழக்குத் தொடுக்கும் உரிமை மட்டும் திரும்பி வருவதில்லை.

தொழிலாளி பெறுவது போதவில்லை என்று அதிகாரபூர்வமாகச் சொன்னது, மாநில இழப்பீட்டுச் சட்டங்களை ஆராய்ந்து 1972-இல் அறிக்கை தந்த தேசிய ஆணையம். நிக்சன் காலத்தில் அமைக்கப்பட்டது. ஜான் பர்ட்டன் என்ற பொருளாதார அறிஞர் தலைவர். அது தந்த 84 பரிந்துரைகளில் 19 இன்றியமையாதவை என்று குறிக்கப்பட்டன. எல்லா வேலையளிப்போருக்கும் கட்டாயக் காப்பீடு, பண்ணைத் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்பு, காலவரம்பில்லாத மருத்துவம், கூலியில் மூன்றில் இரண்டு பங்காவது இழப்பீடு, உச்சவரம்பு மாநிலச் சராசரிக் கூலிக்குக் குறையாமல் இருத்தல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 1975-க்குள் மாநிலங்கள் தாமாகச் செய்யாவிட்டால் காங்கிரஸ் சட்டமியற்றிக் கட்டாயப்படுத்த வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது. அந்த அச்சத்தில் எழுபதுகளில் பல மாநிலங்கள் தொகைகளை உயர்த்தின. காங்கிரஸ் சட்டம் எதுவும் இயற்றவில்லை. அச்சம் போனது, வேகமும் போனது. அந்தப் 19-இல் எந்த மாநிலம் எத்தனையை நிறைவேற்றியது என்று தொழிலாளர் துறை வைத்திருந்த கணக்கும் 2004-இல் நின்றது.

பிறகு வந்தது மாநிலங்களுக்கிடையிலான போட்டி. எண்பதுகளின் இறுதியில் மருத்துவச் செலவும் காப்பீட்டு பிரீமியமும் ஏறின. ஒரேகான் மாநில அரசு 1986 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஐம்பது மாநிலங்களின் பிரீமியத்தையும் ஒப்பிட்டுத் தரவரிசை வெளியிடுகிறது. நேர்மையான புள்ளிவிவர வேலைதான். ஆனால் அந்தப் பட்டியல் மற்ற மாநிலத் தலைநகரங்களில் வேறு விதமாகப் பயன்படுகிறது. நம் மாநிலம் இத்தனையாவது இடத்தில் இருக்கிறது, தொழிற்சாலைகள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்று வணிக அமைப்புகள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் காட்டும் தாள் அது. கையை இழந்தவருக்கு எந்த மாநிலத்தில் என்ன கிடைக்கிறது என்ற பட்டியல் அவர்கள் மேசைக்குப் போவதில்லை. புரோபப்ளிகா, என்.பி.ஆர். ஆகிய செய்தி நிறுவனங்கள் 2015-இல் வெளியிட்ட கூட்டுப் புலனாய்வு, 2003-க்குப் பிறகு 33 மாநிலங்கள் இழப்பீட்டைக் குறைத்தன அல்லது அதைப் பெறுவதைக் கடினமாக்கின என்று கண்டது. அதே ஆண்டு, பணியிடப் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. பணியிடக் காயங்களின் மருத்துவச் செலவிலும் இழந்த வருமானத்திலும் இழப்பீட்டு முறை ஈடுசெய்வது சுமார் 21 சதவீதமே. சுமார் பாதிச் சுமை தொழிலாளியின் குடும்பத்தின்மேல் விழுகிறது என்றது அது.

குறைப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு ஃபுளோரிடா நல்ல பாடம். 2003-இல் அம்மாநிலம் வழக்கறிஞர் கட்டணத்தை, கிடைக்கும் இழப்பீட்டின் குறிப்பிட்ட பங்காக மட்டும் நிர்ணயித்தது. பார்வைக்கு நியாயம்தான்: வக்கீல்கள் கொள்ளையடிக்காமல் தடுப்பது. ஆனால் இழப்பீட்டு வழக்குகளில் தொகை சிறியது, எதிர்ப்போ பெரியது. மயாமியில் கதவுகளும் நிலைச்சட்டங்களும் செய்யும் ஒரு நிறுவனத்தின் தொழிலாளிக்காக வாதாடிய வழக்கறிஞர், காப்பீட்டு நிறுவனம் அடுக்கிய ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக முறியடிக்க 107.2 மணி நேரம் செலவிட்டார். வென்ற தொகை 822.70 டாலர். அதில் சட்டம் அனுமதித்த கட்டணம் 164.54 டாலர். மணிக்கு 1.53 டாலர்! இப்படி ஒரு விதி இருந்தால் சிறு வழக்குகளை எந்த வழக்கறிஞரும் தொடமாட்டார். மறுப்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு லாபமாகும். 2016 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் இந்த விதியை ரத்து செய்தது.

இரண்டு மாதத்துக்குள் அதே நீதிமன்றம் இன்னொரு விதியையும் வீழ்த்தியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத் தீயணைப்பு வீரர் ஒருவருக்கு முழங்காலிலும் முதுகெலும்பிலும் காயம். தற்காலிக முழு ஊனத்துக்கான உதவித்தொகை 104 வாரத்தோடு முடிந்தது. வேலைக்குப் போகக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சிகிச்சை முடியாததால் காயம் நிரந்தரமானது என்றும் சொல்ல முடியவில்லை. தற்காலிகமும் இல்லை, நிரந்தரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எந்தத் தொகையும் இல்லாமல் மாதக்கணக்கில் அவர் நின்றார். நீதிமன்றம் பழைய 260 வார வரம்பை மீட்டுக் கொடுத்தது.

இந்த இரு தீர்ப்புகளும் தொழில்களை முடக்கிவிடும் என்ற குரல்கள் எழுந்தன. 2016 டிசம்பரில் பிரீமியம் 14.5 சதவீதம் உயரவும் செய்தது. ஆனால் அடுத்த சுற்றிலேயே இறங்கத் தொடங்கியது. அதன்பின் ஆண்டுதோறும் இறங்கிவந்திருக்கிறது. ஒழுங்கான இழப்பீடு தந்தால் மாநிலம் திவாலாகும் என்பவர்களுக்கு ஃபுளோரிடாவின் இந்தப் பத்தாண்டைக் காட்டலாம்.

நீதிமன்றம் திருத்தியதைச் சட்டமன்றம் திரும்பவும் மாற்றியமைத்த கதை பென்சில்வேனியாவுடையது. முழு ஊனத்துக்கான தொகையை ஒருவர் 104 வாரம் பெற்றபின், காப்பீட்டு நிறுவனம் மருத்துவரைக் கொண்டு அவரைப் பரிசோதிக்கக் கேட்கலாம். அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிடும் வழிகாட்டி நூலின்படி உடல் பாதிப்பு 50 சதவீதத்துக்குக் குறைவு என்று வந்தால், அவர் பகுதி ஊனமுற்றவராக மாற்றப்படுவார் என்பது 2017 வரை இருந்த விதி. பகுதி ஊனத்துக்கான தொகை 500 வாரத்தோடு முடிந்துவிடும். முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு சுமை தூக்க முடியாதவருக்கும் இந்த நூலின்படி 50 சதவீதம் எட்டுவது மிக அரிது. உடலில் எவ்வளவு பழுது என்பதை அந்த நூல் அளக்கிறது. அந்தப் பழுதோடு ஒருவரால் பிழைக்க முடியுமா என்பதை அது அளப்பதில்லை. தன் சதவீதங்களை வேலைத்திறன் இழப்புக்கு நேர் அளவாகக் கொள்ளக் கூடாது என்று நூலே எச்சரிக்கிறது. சுண்டுவிரல் போனால் கணக்காளருக்கும் பியானோ கலைஞருக்கும் சதவீதம் ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றல்ல. நூலின் மிக அண்மைப் பதிப்பைப் பின்பற்ற வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொன்னது. அதாவது ஒரு தனியார் சங்கம் புதுப் பதிப்புப் போடும்போதெல்லாம் பென்சில்வேனியாவின் சட்டம் தானே மாறிவிடும். சட்டமியற்றும் அதிகாரத்தை இப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது என்று 2017 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. 2018 அக்டோபரில் சட்டமன்றம் ஆறாம் பதிப்பை வெளிப்படையாகப் பெயர் குறித்து அதே முறையை மீட்டது. ஒரு சலுகையாக, 50 சதவீத எல்லையை 35 ஆக்கியது. கொள்கையில் தொழிலாளர் தரப்பு வென்றது. நடைமுறையில் 500 வாரக் கத்தரி அங்கேயே இருக்கிறது.

ஓக்லஹோமா போனது இன்னும் தூரம். டெக்சாஸில் தனியார் முதலாளிகள் மாநில இழப்பீட்டு முறையில் சேராமலே இருக்கலாம். நூறாண்டுப் பழக்கம் அது. ஆனால் சேராதவர்மீது தொழிலாளி வழக்குத் தொடுக்கலாம். பழைய மூன்று வாதங்களை முதலாளி எடுக்கவும் முடியாது. கைவிட்ட உரிமை தொழிலாளியிடம் திரும்பிவிடுகிறது என்பதால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. 2013-இல் ஓக்லஹோமா இயற்றிய சட்டமோ, முதலாளி மாநில முறையிலிருந்து விலகித் தன் சொந்தத் திட்டத்தை எழுதிக்கொள்ளலாம் என்றது. வழக்கிலிருந்து பாதுகாப்பையும் அவருக்கே விட்டுவைத்தது. எந்தக் காயத்துக்கு எப்போது எப்படி மனுச்செய்வது என்ற நிபந்தனைகளும் அவர் எழுதுபவை. பேரத்தில் முதலாளி பெற்றது அப்படியே இருக்க, அவர் கொடுக்க வேண்டியதை அவரே தீர்மானிக்கலாம் என்று பொருள். 2016 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. அது நிலைத்திருந்தால் மற்ற மாநிலங்களிலும் பரவியிருக்கும். டென்னசியில் அதற்கான மசோதாவே வந்துவிட்டிருந்தது.

இவ்வளவு குறைப்புக்கு நடுவே ஒரு திசையில் சட்டங்கள் விரிந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். உடலில் காயமில்லாமல் மனம் மட்டும் சிதைந்தால் அது பணியிடக் காயமா என்ற கேள்விக்குப் பெரும்பாலான மாநிலங்கள் நெடுங்காலம் இல்லை என்றே பதில் சொல்லின. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளே போய் அந்த உடல்களைப் பார்த்த காவலர்களுக்கு மாநில இழப்பீட்டுச் சட்டத்தில் இடமில்லை. தனி நிதி ஒன்று ஏற்படுத்த வேண்டியிருந்தது. மினசோட்டா 2013-இல் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக் கோளாறைச் சட்டத்தில் சேர்த்தது. 2019 முதல் காவலர், தீயணைப்பு வீரர் போன்றோருக்கு அந்தக் கோளாறு வந்தால் வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது எதிர்த் தரப்பின் பொறுப்பு என்றது. கலிஃபோர்னியா 2020-இல் இதே வழியில் வந்தது. வாஷிங்டன் 2024 முதல் செவிலியர்களையும் சேர்த்தது. அதே 2024 ஜனவரியில் கனெக்டிகட் இந்த உரிமையை எல்லாத் தொழிலாளருக்கும் விரித்தது. நியூயார்க்கும் 2025 தொடக்கத்தில், பணியில் நேரும் அசாதாரண மன அழுத்தத்துக்கு மனுச்செய்யும் வழியைச் சீருடை அணியாதவர்களுக்கும் திறந்தது. கொள்ளைக்காரன் துப்பாக்கி நீட்டிய கடைக் காசாளருக்கும் தீயணைப்பு வீரருக்கும் நடுங்கும் மனம் ஒன்றுதான் என்பதை ஏற்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

கொரோனா காலத்தில், நோய் வேலையால் வந்ததாகவே கொள்ளும் இதே முறை வேகமாகப் பயன்பட்டது. மினசோட்டா 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே செவிலியர், காவலர் உள்ளிட்டோருக்கு அதைக் கொடுத்தது. கென்டக்கி ஆளுநரின் ஆணை மளிகைக் கடை ஊழியரையும் சேர்த்தது. இல்லினாயில் இழப்பீட்டு ஆணையம் அவசர விதியாகக் கொண்டுவந்ததை நீதிமன்றம் நிறுத்தியது. ஜூனில் சட்டமன்றமே அதை இயற்றியது. இவற்றில் பல காலவரம்போடு வந்தவை. கலிஃபோர்னியாவினது 2024 ஜனவரி 1-இல் காலாவதியானது. அடுத்த தொற்று வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

விரிந்த திசையையும் சுருங்கிய திசையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தொலைக்காட்சியில் தெரிகிற முகங்களுக்குச் சட்டம் விரிகிறது. கோழி வெட்டும் ஆலையிலும் கிடங்கிலும் முதுகு தேய்பவருக்குச் சுருங்குகிறது. வயலில் நிற்பவரோ பல மாநிலங்களில் இன்னும் முழுமையாக உள்ளேயே வரவில்லை. நியூ மெக்சிகோவில் மிளகாய் பறிக்கும்போது விழுந்தவரும் பால்பண்ணையில் மாடு முட்டியவரும் தொடுத்த வழக்குகளில், பண்ணைத் தொழிலாளர்களை விலக்கிய விதி சமத்துவத்துக்கு எதிரானது என்று 2016 ஜூனில் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே பண்ணையின் அலுவலக எழுத்தருக்கு இழப்பீடு உண்டு, மாட்டுத் தொழுவத்தில் நிற்பவருக்கு இல்லை என்பதற்கு நியாயம் எதையும் நீதிபதிகளால் காண முடியவில்லை. 1972 ஆணையம் சொன்னதை ஒரு மாநிலத்தில் நிறைவேற்ற 44 ஆண்டு ஆனது.

இப்போது பெரிய சண்டை வேறு இடத்தில் நடக்கிறது: தொழிலாளி யார்? செயலி வழியாக வாடகை வண்டி ஓட்டுபவரையும் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவரையும் ஊழியராகக் கருத வேண்டும் என்ற நிலையைக் கலிஃபோர்னியா 2019-இல் சட்டமாக்கியது. அதை முறியடிக்க ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் முதலிய நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2020 நவம்பரில் முன்மொழிவு 22-ஐ வாக்கெடுப்பில் வெல்லச் செய்தன. ஓட்டுநர்கள் சுதந்திர ஒப்பந்தக்காரர்கள் ஆனார்கள். மாநில இழப்பீட்டு முறையிலிருந்து வெளியேறினார்கள். பதிலுக்கு நிறுவனங்கள் விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். மருத்துவத்துக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர்; வேலைசெய்ய முடியாத காலத்துக்குச் சராசரி வருமானத்தில் 66 சதவீதம், 104 வாரம் வரை. காலை இழந்த ஓட்டுநருக்கு அந்த இழப்புக்கென்று மாநிலச் சட்டம் தரும் நிரந்தர ஊனத் தொகை போன்றது இதில் இல்லை.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனபோது மையக் கேள்வி கூலியோ வேலை நேரமோ அல்ல, இழப்பீடுதான். முழுமையான இழப்பீட்டு முறையை அமைக்கும் தடையற்ற அதிகாரத்தைக் கலிஃபோர்னிய அரசியலமைப்பு சட்டமன்றத்துக்குத் தந்திருக்கிறது. அந்தப் பொருளில் வாக்காளர்கள் நேரடியாகச் சட்டமியற்ற முடியுமா? முடியும் என்று 2024 ஜூலையில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2025 அக்டோபரில் கையெழுத்தான ஒரு சட்டம் வாடகை வண்டி ஓட்டுநர்களுக்குச் சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் வழியைத் திறந்தது. அடிபட்டால் என்ன என்பதும் இனி அந்த மேசைக்கு வரலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பேசிப் பெறுவது வேறு, சட்டத்தின் உரிமையாகப் பெறுவது வேறு. 2024 தீர்ப்பிலேயே ஒரு வாசல் இருக்கிறது. நாளை சட்டமன்றம் செயலி ஓட்டுநர்களுக்கு முழு இழப்பீடு வழங்கிச் சட்டமியற்றினால், முன்மொழிவு 22 அதைத் தடுக்குமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை. அப்படியொரு சட்டம் உண்மையில் வந்து, யாராவது அதை எதிர்த்து வழக்குத் தொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை எழுத வேண்டியவர்கள் சாக்ரமெண்டோவில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள்.